கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம்

சும்மா உட்காருவது என் ரத்தத்திலேயே கிடையாது. பல் டாக்டரிடம் முறைக்குக் காத்திருக்கும்போதுகூட அங்கே கிடக்கும் பழைய பத்திரிகைகளைப் பெரிது சிறிது பார்த்து அடுக்கி வைத்துவிட்டு வருகிறவள் நான். "உனக்குக் காலில் சக்கரமா?" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் நீங்க ஒண்ணுமே செய்யக் கூடாதுக்கா" என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

சொன்னவர் எங்கள் சிறப்பாசிரியை. எங்கள் தொடக்கப் பள்ளியில் தனிக் கவனம் வேண்டிய பிள்ளைகள் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் சேர்த்து இவர் ஒருவர்தான். அவருடைய அறை முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம். மழை நாளில் இன்றைக்கும் ஃபினாயில் வாடை வரும். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் நான் டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

என் வேலை இரண்டாம் வகுப்பில் ஒரே ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் இருப்பது. வாரத்துக்கு இருபது மணி நேரம். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மேனேஜர். காலையில் வந்ததும் வகுப்பு வாசலில் குனிந்து, முப்பது ஜோடி செருப்புகளையும் நேராக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஒன்று கோணலாக இருந்தாலும் விடமாட்டாள். வயது ஏழு. வாயில் வருவது பதினைந்து வார்த்தை இருந்தால் அதிகம். அதில் ஒன்று "க்கா". அது நான்.

அவளுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று, திடீர்ச் சத்தம். இன்னொன்று, சொல்லாமல் நடக்கும் மாற்றம். அவளுடைய மேசை ஓரத்தில் ஓர் அட்டை இருக்கும். அன்றைய பாடங்கள் அதில் படங்களாக வரிசையாக ஒட்டியிருக்கும். கணக்கு முடிந்தால் கணக்குப் படத்தைப் பிய்த்து டப்பாவில் போடுவாள். ஏதாவது மாறுவதென்றால் நான் முந்தின நாளே படத்தை மாற்றி ஒட்டி, பத்து முறை காட்டிவிடுவேன். அப்படியும் அவள் பாவாடை ஓரத்தை விரலில் சுருட்ட ஆரம்பித்தால், மூன்று நிமிஷம்தான் நேரம். அதற்குள் அவளை வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டம். முதல் வகுப்பில் இருந்தபோது வாசல் கேட்டைத் தாண்டி நடுரோடு வரை ஓடியிருக்கிறாள். நான் வந்தபிறகு ஒரு முறைகூட ஓடவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமைதான் வினையாக வந்து முடிந்தது.

திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குழந்தையிடம் நல்ல முன்னேற்றம் தெரிகிறதாம், ஆகவே உதவி நேரத்தை இருபதிலிருந்து ஐந்தாகக் குறைக்க உத்தேசமாம், வியாழன் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை ஓர் ஆய்வாளர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பாராம்.

"அஞ்சா? தினம் ஒரு மணி நேரத்துல அவ செருப்பக்கூட அடுக்கி முடிக்க மாட்டா. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான் இந்த முன்னேற்றத்த?"

சிறப்பாசிரியை என் முன்னால் ஒரு நோட்டைத் தள்ளினார். நான் தினமும் எழுதி மாதாமாதம் மேலே போகிற குறிப்பேடு. "இன்று நல்ல நாள். ஓடவில்லை. கடிக்கவில்லை. சமர்த்தாக இருந்தாள்." பக்கம் பக்கமாக என் கையெழுத்து, முத்து முத்தாக.

"நல்லாத்தானே டீச்சர் எழுதியிருக்கேன்?"

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. படிச்சவங்க, புள்ளைக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சிட்டாங்க."

"ஒடம்பு நனையலன்னு குடையப் பிடுங்குவாங்களா?"

"அதத்தான் அக்கா அவருக்குக் காட்டணும். குடை இல்லாம ரெண்டு மணி நேரம்."

எனக்குப் புரிந்ததும் எழுந்துவிட்டேன். அந்த அறையில் இரண்டு எட்டுக்கு மேல் நடக்க முடியாது, அந்த இரண்டு எட்டையே திரும்பத் திரும்ப நடந்தேன். குழந்தையைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்க்கவா நான் வேலைக்கு வந்தேன் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க பக்கத்துல இருந்தா அவ அருமையா இருப்பா. அவர் அருமைன்னு எழுதிட்டுப் போயிடுவார். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க" என்றார். என்னிடம் வழி இல்லை.

அம்மாவிடம் சொல்லாமல் செய்ய முடியாதே. மேனேஜரின் அம்மா மருந்துக் கடையில் பில் போடுகிறவர். அன்று மாலை கேட் அருகில் நிறுத்தி, சிறப்பாசிரியை எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் முதலில் கேட்டது, "கேட் மூடியிருக்குமா?" என்பதுதான்.

"வாட்ச்மேன் அங்கயே நிப்பார். நான் வராந்தாவுல நிப்பேன்."

"அஞ்சு மணி நேரம்னு ஆயிட்டா மீதி நேரத்துக்கு?"

"தினம் பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்வாங்கம்மா."

"அப்ப என் வேலை போச்சு. அவ படிப்பும் போச்சு." கைப்பையின் வாரைத் திருகினார். "ஒரு நாள் அழுதா ஒரு வருஷம் நிம்மதின்னா, அழட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. போகிற வழியில் நிறுத்தியிருந்த யாரோ ஒருவரின் சைக்கிளைத் திட்டிவிட்டுப் போனேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்புப் போட்ட குழம்பிலேயே மறுபடி உப்புப் போட்டேன். என் வீட்டுக்காரர் வாயில் வைத்துவிட்டு, "கடல்ல இருந்து நேரா எடுத்துட்டு வந்தியா?" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

வியாழக்கிழமை. ஆய்வாளர் என்றதும் நான் பெரிய மீசையும் உறுமலுமாக ஓர் ஆளை நினைத்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, ஜலதோஷம் பிடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு ஒட்டிவிடப் போகிறது என்று ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். திட்டுவதற்குக்கூடத் தோதில்லாத மனுஷன். நான் கடைசி வரிசைக்குப் பின்னால், அலமாரி பக்கத்தில். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தேன்.

மேனேஜர் செருப்புகளை அடுக்கிவிட்டு உள்ளே வந்தாள். தன் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், வா என்று. நான் போகவில்லை. சரி போ என்பதுபோல உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள்.

முதல் நாற்பது நிமிஷம் அவள் தங்கம். கணக்குப் போட்டாள். கணக்குப் படத்தைப் பிய்த்து டப்பாவில் போட்டாள். அடிப்பாவி மகளே, இன்றைக்கென்று பார்த்து இவ்வளவு சமர்த்தா, கெடுத்தாயே என்று எனக்குள் ஒரு பக்கம் பதற, இன்னொரு பக்கம் பூரிப்பாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இரண்டும் சேர்ந்துதான் இருந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அட்டையில் அடுத்த படம் ஓவியம். அவள் கிரேயான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டாள். வகுப்பாசிரியர் சின்னப் பையன், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெளியாள் வந்திருக்கிறாரே என்ற படபடப்பில், "எல்லாரும் வாசிப்புப் புத்தகத்த எடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவள் ஓவியப் படத்தின்மேல் விரலை வைத்தாள். அழுத்தினாள். மற்றவர்கள் புத்தகம் எடுக்கும் சத்தம். பாவாடை ஓரம் விரலில் சுருள ஆரம்பித்தது. எனக்கு உள்ளங்கை இரண்டும் எரிந்தன.

திரும்பினாள். "க்கா."

நான் அலமாரிக் கதவின் கீலைப் பார்த்தேன். அதில் ஆறு ஸ்க்ரூ. ஒன்று துருப்பிடித்திருந்தது.

"க்கா."

முன்பல் விழுந்த ஒரு பொடியன் எழுந்து, "அக்கா, அவ கூப்பிடறா, உங்களுக்குக் காது கேக்கலையா?" என்றான். முப்பது பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "உக்காருடா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது.

மூன்றாவது முறை அவள் சத்தம் போடவில்லை. வாய் மட்டும் அசைந்தது. பிறகு நாற்காலி சாய்ந்து விழுந்தது, கிரேயான்கள் தரையெங்கும் உருண்டன, அவள் கதவைத் தாண்டிவிட்டாள்.

இரண்டு மணி நேரமாவது ஒன்றாவது. ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் நான் ஓடினேன். வராந்தாவில் கை கழுவும் தொட்டிக்கு அடியில் சுருண்டு புகுந்திருந்தாள். நான் மண்டியிட்டு, "வாடா தங்கம், அக்கா வந்துட்டேன் பாரு" என்று கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். குழாயில் தலை ணங்கென்று மோதியது. பதறிப்போய்த் தலையைத் தொட்டேன். அப்போது போட்ட அலறல் இருக்கிறதே, அது அடிபட்டதற்கு அல்ல. என் கை பட்டதற்கு. கையை எடுத்ததும் நின்றது.

சிறப்பாசிரியை என்னை விலகச் சொல்லிவிட்டு, ஈரத் தரையிலேயே ஒருக்களித்துப் படுத்தார். கையை நீட்டவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து அவள் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியில் புடைப்பு.

பிறகு ஆய்வாளர் எங்கள் இருவரோடும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தார்.

"அந்தக் குழந்தை மூணு தடவை கூப்பிட்டுச்சு. நீங்க ஏம்மா எழுந்திரிக்கல?"

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "எழுந்தா? எழுந்தா அருமையா இருக்கான்னு எழுதி, இருக்கற நேரத்தையும் பிடுங்கியிருப்பீங்க! உங்களுக்காகத்தான் சார் உக்காந்திருந்தேன். பாத்தீங்கல்ல? வயிறு நெறைஞ்சுதா?" சிறப்பாசிரியை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை, திரும்பவும் சொன்னேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து என் குறிப்பேட்டின் நகல்களை எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே ஒரு கட்டம். "உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும்? உதவியாளர் என்ன செய்தார்?" என்று அச்சிட்டிருந்தது. எல்லாப் பக்கத்திலும் காலி.

"இது ஒரு மாசம் நெறைஞ்சிருந்தா போதும்மா. இன்னிக்கு எத்தனை தடவை எழுந்தேன், எதுக்கு எழுந்தேன், அவ்வளவுதான். அத வெச்சே நேரத்த உறுதி பண்ணியிருப்பேன். நான் இங்க வந்திருக்கவே வேணாம்."

அந்தக் கட்டம் எனக்குத் தெரியாததா? தினமும் பார்த்ததுதான். கெட்டதை எதற்கு வாயால் சொல்லி வரவழைக்க வேண்டும், நல்லதையே எழுதுவோம் என்று தாண்டிப் போனேன். நான் இருக்கும்போது அவள் ஏன் ஓடப்போகிறாள் என்று ஒரு திமிர் வேறு. மாதாமாதம் கையெழுத்துப் போட்ட சிறப்பாசிரியையும் அதைப் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஓட்ட வாய் வைத்திருக்கிறேன் என்று ஊரே சொல்லும், எழுத வேண்டிய இடத்தில் ஊமையாக இருந்திருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இருபது மணி நேரம், அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து. வகுப்பாசிரியர் கை தட்டினார். யாரோ எனக்கு டீ வாங்கி வந்தார்கள். ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

அந்த இரண்டு வாரமும் மேனேஜர் என்னைப் பக்கத்தில் விடவில்லை. நான் நாற்காலியை இழுத்தால், அவள் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் அவ்வளவே தூரம் நகர்த்துவாள். அவளுக்கு எல்லாம் அளவு. பாவாடை சுருளும்போது நான் எழுந்தால், சுருட்டுவதை விட்டுவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். தண்ணீருக்குச் சிறப்பாசிரியைதான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்போல நான் சுவர் ஓரத்தில் தரையில் உட்கார ஆரம்பித்தேன். அன்று என்னை யாரென்று தெரியாமல் ஒதுங்கினாள். இன்று தெரிந்து ஒதுங்குகிறாள். அந்த வித்தியாசம் என்னை அறுத்தது. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன், ஒரு நாள் அல்ல, பல நாள்.

கடிதம் வந்த அன்று மாலை அவளுடைய அம்மா என்னைத் தேடி கேட்டுக்கு வந்தார். மகளை ஒரு கையில் பிடித்தபடியே கும்பிட வந்தார்.

"உங்களாலதான்க்கா. கடையில இன்னிக்கு என்னையே அறியாம சிரிச்சிட்டிருந்தேன்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கணும். வீட்ல அக்கா என்ன சொன்னாங்க, அக்கா எங்கன்னு கேட்டா இவ காதப் பொத்திக்கறா. உங்க பேரே எடுக்க விடமாட்டேங்கறா. அன்னிக்கு ஓடி இடிச்சிக்கிட்டது தெரியும். வேற ஏதாவது நடந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது பெரிய காரியமில்லை.

"மூணு தடவை கூப்பிட்டா. நான் எழுந்திரிக்கல."

"அது நம்ம பேசி வெச்சதுதானே. நான்தானே சரின்னு சொன்னேன்."

"நீங்க சொன்னது அவளுக்குத் தெரியாதும்மா. அவ பாத்தது என்னத்தான்."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "இனிமே என்னக்கா பண்றது?"

"வாரத்துக்கு இருபது மணி நேரம் குடுத்திருக்காங்களே" என்றேன். வேறென்ன சொல்ல? எவ்வளவு நாளாகும் என்று எனக்கே தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கலாமென்று கொஞ்சம் குனிந்தேன். மேனேஜர் அம்மாவின் கையை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.