அணைத்து வைத்த அடுக்கு

"வீட்டையெல்லாம் நீ மறைச்சிட்டா, உள்ள இருக்கறவங்க எங்கம்மா போவாங்க?"

முன்பொருநாள் நகராட்சி அலுவலகத்துக்கு வந்த மகள், அம்மாவின் கணினித் திரையைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. நகர வரைபடம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றது. சாலைகள் ஓர் அடுக்கு, வீடுகள் இன்னோர் அடுக்கு. வேண்டாததை அணைத்து வைக்கலாம். எங்கும் போகமாட்டார்கள், நம் கண்ணுக்குத்தான் தெரியமாட்டார்கள் என்று அன்று அம்மா சொல்லியிருந்தாள்.

இன்று வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மழைநீர்க் கால்வாய்க்கான கோட்டை வரைந்து அனுப்பியாகிவிட்டது. கணினி முரண்டு பிடித்ததால் வீடுகளின் அடுக்கை அணைத்திருந்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாளா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. காலையில் அந்தப் படத்தை வைத்துத்தான் ஆட்கள் இடிக்க வேண்டிய சுவர்களில் குறி போடுவார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினாள்.

எல்லோரும் மாமா என்றழைக்கும் பக்கத்து நாற்காலிக்காரர் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பா இருந்தா வீட்டுக்காரன் வந்து கத்துவான், அப்ப மாத்திக்கலாம். போய் பொண்ணைப் பாரும்மா."

"கத்தத் தெரியாதவங்களா இருந்தா, மாமா?"

அவர் பையை இறக்கிவைத்துத் தொலைபேசியை எடுத்தார். பொறியாளரை அழைத்து, அவள் வாங்க வேண்டிய திட்டையும் தானே வாங்கிக்கொண்டு, இன்றே திருத்தி அனுப்ப அனுமதி பெற்றுத் தந்துவிட்டுப் போனார்.

தனியே அமர்ந்து அடுக்கைப் போட்டாள். தன் வீட்டுக்குப் போகும் சந்தின் கோடியில் இருந்த ஒற்றை அறையின் நடுவே கோடு போயிருந்தது. தையல்கார அக்காவின் அறை.

பெருமழையில் பள்ளி வண்டி வராத அன்று, மகளை உள்ளே அழைத்துத் தலை துவட்டி, இவள் வரும்வரை மடியில் வைத்திருந்தவள் அந்த அக்கா. மறுநாள் போய் நன்றி சொல்ல நினைத்தாள். நாளை, நாளை என்று அது தள்ளியே போய்விட்டது.

கோட்டை எதிர்ப்புறக் காலிமனை வழியாக வளைத்தாள். தண்ணீர் ஓடும் சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாக இருந்தது. அனுப்பிவிட்டு, ஆண்டவனை நினைத்துக் கண்களை மூடினாள்.

சந்து வழியே நடந்தபோது தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. ஜன்னலில் முகம் தெரிந்தது.

"பாப்பா நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காக்கா."

ஓசை மறுபடி தொடங்கியது. அவள் வீட்டை நோக்கி நடந்தாள்.