மைனாவுக்குப் பயம் கற்பித்த படலம்

1.

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் கிடைத்தது. எழுத்தாளன் என்றால் கதை தேடி மலையேறுவான், கடலோரம் நடப்பான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் நாற்பத்தாறு வயதில் கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்தபோது, பின்சீட்டு அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து கதை "கீ" என்று கத்தியது.

லைசென்ஸ் டெஸ்டில் நான் இரண்டு முறை தோற்றவன். முதல் முறை ஒரு கம்பத்தை இடித்தேன். இரண்டாம் முறை எதையும் இடிக்கவில்லை, ஏனென்றால் வண்டியையே எடுக்கவில்லை. சீட் பெல்ட்டை மாட்டியதும் அழுகை வந்துவிட்டது. அதன் பிறகுதான் இந்த வாத்தியாரிடம் அனுப்பினார்கள். வண்டி ஓட்டப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்வார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவரையும் அவர் திட்டியதில்லை. வண்டியைச் சாக்கடையில் இறக்கினால்கூட, "பரவாயில்லங்க, ஆழம் பாத்தாச்சுல்ல, இனிமே பயமில்ல" என்பார்.

எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் தகராறு. மேசைமேல் மூன்று தொடக்கங்கள் கிடக்கின்றன.

[தொடக்கம் ஒன்று: "அன்று வானம் கனத்திருந்தது. தொலைவில் ஏதோ ஒரு கிளையில்..." பொய். அன்று வானத்தை நான் பார்க்கவே இல்லை. கியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

[தொடக்கம் இரண்டு: "தாயைப் பிரிந்த குஞ்சின் முதல் அழைப்பு அந்த வீட்டின்..." இந்த இடத்தில் என் அக்கா பின்னாலிருந்து படித்துவிட்டு, "யாருடா செத்தா?" என்றாள். அக்கா பள்ளிக்கூட விடைத்தாள் திருத்துகிறவள். என் கதைகளையும் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பாள். இதற்குப் பத்துக்கு இரண்டு போட்டாள்.]

[தொடக்கம் மூன்று: "ஒரு கார் வந்தது."]

மூன்றாவது பரவாயில்லை. பத்துக்கு ஐந்து.

2.

ஒரு கார் வந்தது. பழைய கார். வாத்தியார் பயிற்சிக்கென்று வேறொரு ஊரில் வாங்கி, ஒரு பகல் முழுக்க லாரியில் ஏற்றி வரவழைத்தது. அதற்குமுன் பல மாதம் ஒரு கொட்டகையில் சும்மா நின்ற வண்டி.

பானெட்டைத் திறந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கோலும் நூலும் பிளாஸ்டிக் துண்டுமாக ஒரு கூடு. உள்ளே மூன்று மைனாக் குஞ்சுகள். இரண்டு வழியிலேயே போய்விட்டன. மூன்றாவது, கண்கூடச் சரியாகத் திறக்காமல், உடம்பில் முடியில்லாமல், மஞ்சள் வாயை மட்டும் பிளந்துகொண்டு கிடந்தது.

வாத்தியார் வண்டியை விற்றவருக்குப் போன் போட்டார்.

"வண்டி நல்லபடியா வந்து சேந்துச்சா?" என்றார் விற்றவர்.

"சேந்துச்சுங்க. கூடவே ஒருத்தரும் வந்திருக்காரு."

விஷயத்தைக் கேட்டதும் விற்றவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "அதான் காலையிலேர்ந்து ரெண்டு மைனா கொட்டகைய சுத்திச் சுத்திக் கத்துதா" என்றார்.

(குறிப்பு: இங்கே அக்கா ஓரத்தில் எழுதியிருப்பது: "இரண்டு போனது போதும். மூன்றாவதை நீ தொட்டால் நான் மேலே படிக்க மாட்டேன்.")

3.

கால்நடை டாக்டர் குஞ்சைப் புரட்டிப் பார்த்தார். திருப்பி அனுப்பலாமா என்று வாத்தியார் கேட்டதற்கு, இன்னொரு பகல் லாரியில் போனால் தாங்காது என்றார். பறவைக் காப்பகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கே இடமில்லை.

"நீங்கதான் பாக்கணும். அரைமணிக்கு ஒரு தடவ சாப்பாடு. சூரியன் வந்ததுலேர்ந்து போற வரைக்கும். வேகவச்ச முட்டை மஞ்சக்கரு, புழு, வெட்டுக்கிளி. பால் கூடாது. தண்ணிய வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும்."

வாத்தியார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"முக்கியமானது இன்னொண்ணு. பேர் வைக்காதீங்க, கொஞ்சாதீங்க. ரெக்க வளந்ததும் இதுக்கு மனுஷங்கள பாத்தா பயம் வரணும். கைக்கு வர்ற பறவைய எவனாவது பிடிச்சுக் கூண்டுல போட்டுருவான். பயந்தாத்தான் பொழைக்கும்."

"டாக்டர், பயத்த எடுக்கிறதுதாங்க என் தொழில்."

"இப்ப வைங்க" என்றார் டாக்டர்.

4.

அரைமணிக்கு ஒரு தடவை என்றால் வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது. நல்லவேளையாக வாத்தியாரின் வகுப்புகளும் அரைமணிதான். அட்டைப்பெட்டி பின்சீட்டில் ஏறியது. பேர் வைக்கக் கூடாது என்பதால் அவர் பேர் வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் எங்களுக்கெல்லாம் கீழே "புது அட்மிஷன்" என்று ஒரு வரி சேர்த்து, தினமும் ஆஜர் போட்டார். அவ்வளவுதான்.

என் வகுப்பு இப்படி நடக்கும். "கிளட்ச விடுங்க. மெதுவா. அப்படித்தான். வாயத் தொறங்க." எனக்குச் சொல்கிறாரா அதற்குச் சொல்கிறாரா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. திறந்தேன். இடுக்கியில் இருந்த வெட்டுக்கிளி என் காதோரமாகப் பின்னால் போனது.

வாத்தியாரின் மனைவிக்குத் தொலைபேசியில் புகார் வாங்கும் உத்தியோகம். காலை முதல் மாலை வரை முகம் தெரியாதவர்களிடம் ஏச்சு வாங்கிவிட்டு வருகிறவள். முதல் நாள் பெட்டியைப் பார்த்ததும், "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அரைமணிக்கு ஒரு தடவ எட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான்காம் நாள் அவளே டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு காலி மனையில் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டார் பார்த்தபோது, "சும்மா ஒரு உடற்பயிற்சி" என்றாளாம்.

(குறிப்பு: இந்தக் கதையில் வில்லன் இல்லை என்று அக்கா குறைபடுகிறாள். ஆறாம் பகுதியில் வருவான், அவசரப்படாதீர்கள்.)

5.

இறக்கை முளைத்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வந்தது. தானாகப் பொறுக்கித் தின்னவும் கற்றுக்கொண்டது. இனி பயம்தான் பாக்கி.

வாத்தியார் எதையும் முறையாகச் செய்கிறவர். தினம் பத்து நிமிடம் பயப் பாடம் என்று அட்டவணை போட்டார். பெட்டிக்கு முன்னால் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கையை ஓங்கி, "ஏய்... ங்க" என்றார்.

"'ஏய்'க்கு யாராவது 'ங்க' போடுவாங்களா?" என்றாள் மனைவி.

"வாயில வருது, என்ன பண்றது?"

"தள்ளுங்க." அவள் வந்து நின்றாள். இடுப்பில் கையை வைத்தாள். அத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? "உங்க சிரமத்துக்கு வருந்துறோம்" என்று வந்தது.

மறுநாள் அவள் ஹெல்மெட் மாட்டி, மழைக்கோட்டுப் போட்டு, துடைப்பத்தோடு அறைக்குள் குதித்தாள். மைனா ஹெல்மெட்டின் மேல் ஏறி உட்கார்ந்து எச்சமிட்டது.

கடைசியில் அவள் தம்பியைக் கூப்பிட்டார்கள். சினிமாத் தியேட்டரில் வாசல் காவல். அவன் ஒரு அதட்டுப் போட்டால் வரிசை தானாக நேராகும். வந்தான், பெட்டிக்கு முன்னால் நின்று போட்டான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. மைனா தத்தித் தத்தி வந்து அவன் கட்டைவிரலில் ஏறி, வாயைப் பிளந்தது.

"மாமா, இத எப்படி மாமா திட்டுறது?" என்றான். அன்று சாயங்காலம் முழுக்க அவன்தான் ஊட்டினான்.

6.

வில்லன் வந்தான். ஒரு பத்தி மட்டும்தான் இருப்பான்.

தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு ஆளின் தோளில் மைனா தானாகப் போய் உட்கார்ந்தது. அந்த ஆள் சந்தோஷமாக அதைப் பிடித்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். வாத்தியார் ஓடிப்போய், "ஐயா, அது எங்க ஸ்டூடண்ட்டுங்க" என்றார். "காட்டுப் பறவைதானே, பிடிச்சவனுக்குத்தான்" என்று அவன் நடையைக் கட்டினான். வாத்தியாரின் மனைவி பின்னாலேயே போய், போன் குரலில், "உங்க பேர், முகவரி சொல்லுங்க. உங்க மேல வந்த புகாரைப் பதிவு பண்ணிக்கிறேன்" என்று பேனாவை எடுத்தாள். அவன் பையைத் திறந்து கொடுத்துவிட்டான்.

அன்று வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னைக்கு நீ இருந்த. நாளைக்கு?" என்றார் மனைவியிடம். "நான் பயம் சொல்லிக்குடுக்கலன்னா, நானே கூண்டுல போட்ட மாதிரி."

இந்த இடத்தில் கதையை எப்படி முடிப்பது என்று ஒரு வாரம் முட்டிக்கொண்டேன்.

(அ) விடும் நாளில் மைனா திரும்பிப் பார்த்து, "பரவாயில்லங்க" என்று பேசுகிறது. அக்கா: "பிறந்து ரெண்டு மாசம் ஆகல, பேசுதாம். பூஜ்யம்."

(ஆ) அடுத்த வருடம் அது குடும்பத்தோடு திரும்பி வந்து பானெட்டில் கூடு கட்டுகிறது. அக்கா: "காலண்டர்ப் படம்."

(இ) வாத்தியார் அதைத் திட்டி விரட்டுகிறார். அக்காவுக்கு இது பிடித்திருந்தது. எனக்குத்தான் எழுத வரவில்லை. "வாத்தியார் முகம் சிவக்கக் கர்ஜித்தார்" என்று எழுதி, மேற்கோள் குறியைத் திறப்பேன். உள்ளே "பரவாயில்லங்க" என்றுதான் வரும். காகிதத்தில்கூட அந்த மனிதரைக் கத்தவைக்க முடியவில்லை என்றால் நான் என்ன எழுத்தாளன்?

ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

7.

காலை ஏழு மணி. பயிற்சி மைதானம். என் மூன்றாவது டெஸ்டுக்கு ஒரு வாரம் இருந்தது. வாத்தியார் பெட்டியோடு மைதானத்தின் நடுவில் நின்றார். "நீங்க ரிவர்ஸ் போட்டுப் பழகுங்க, நான் இவர அனுப்பிட்டு வந்துர்றேன்" என்றார். அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, பயிற்சி வண்டியில் அப்படித்தான். அன்று அந்தச் சீட் காலி.

பெட்டியைத் திறந்தார். மைனா மரத்துக்குப் பறந்தது. ஒரு நிமிடம் கழித்து அவர் தலைக்கே திரும்பி வந்தது. எடுத்து விட்டார். வந்தது. மறுபடி விட்டார். "போங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், போங்க" என்று கெஞ்சினார். மூன்றாம் முறை அது தரையில் இறங்கி, புல்லில் எதையோ துரத்திக்கொண்டே என் வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டது.

கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி பின்னால் போனது.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

[இங்கே அவர் சொன்ன வார்த்தை. அச்சில் ஏறாது.]

இருபத்திரண்டு வருடத்துத் திட்டும் ஒரே மூச்சில் வந்த மாதிரி இருந்தது. நான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்தது. பின்சக்கரத்துக்கும் மைனாவுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. மைனா தரையோடு பதுங்கி, அவரை ஒரு முறை பார்த்தது. பிறகு விருட்டென்று எழும்பிப் பறந்தது. மரத்தில் நிற்கவில்லை. மரத்தைத் தாண்டி, கட்டடங்களைத் தாண்டிப் போய்விட்டது.

நான் கீழே இறங்கினேன். வாத்தியார் ஓங்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

"நான் உங்களத்தான் திட்டுனேன்" என்றார், அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு. "அதுக்கு அது தெரியாதே."

மத்தியானம் வரை காத்திருந்தோம். அரைமணிக்கு ஒரு தடவை அவர் உள்ளங்கையில் ஒரு வெட்டுக்கிளியை வைத்து நீட்டினார். ஒன்றும் வரவில்லை. நான்கு நாள் கழித்து மைதானத்துக் கம்பியில் ஐந்தாறு மைனாக்கள் உட்கார்ந்திருந்தன. இடது இறக்கையில் ஒரு வெள்ளை இறகு வளைந்திருக்கும், அதை வைத்து அவர் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் போனார். மூன்றாம் அடி வைத்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் பறந்தது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். "அருமை, இனி கவலை இல்ல" என்றார் டாக்டர். "ஆமாங்க, அருமை" என்று சொல்லிவிட்டு வாத்தியார் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

8.

இதுவரை எழுதியதோடு ஒரு கடைசி வாக்கியத்தையும் சேர்த்து வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் கதையில் அவரைக் கேட்காமல் எழுதுவது முறையல்ல. ஸ்டியரிங்கில் காகிதத்தைச் சாய்த்துவைத்துப் பொறுமையாகப் படித்தார். நான் அழுத இடத்தில், "இது வேணாங்க, உங்க மரியாதைக்குக் கொறச்சல்" என்றார். ஹெல்மெட் விஷயத்தை மனைவிக்குக் காட்டக் கூடாது என்றார். ஏழாம் பகுதிக்கு வந்ததும் இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் நடந்ததுதான். கடைசி வரிய மட்டும் மாத்த முடியுமா?"

"சொல்லுங்க வாத்தியாரே."

"அது என்னைப் பாத்துப் பயந்து போச்சுன்னு எழுதாதீங்க. பறக்கத் தெரிஞ்சுது, போச்சுன்னு எழுதுங்க."

எதை வைப்பது என்று அக்காவிடம் கேட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டாள். என்னாலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அதனால் கடைசி வாக்கியத்தை இரண்டாகவே விட்டுவைக்கிறேன்.

அவருக்குப் பயந்து அது பறந்துபோனது.

அதற்குப் பறக்கத் தெரிந்துவிட்டது, போனது.

பேனா எடுத்து ஒன்றை அடித்துவிடுங்கள். புத்தகம் வந்ததும் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். உங்கள் கையில் இருப்பதைத்தான் வாங்கி அவருக்குக் கொடுக்கப்போகிறேன்.