இனிஷியல் மாறாது

தக்காளி அரிந்துகொண்டிருந்த கையோடுதான் அந்த ரிஜிஸ்டர் தபாலை வாங்கினேன். போஸ்ட்மேன் தீர்த்தகிரி சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் வாசற்படியில் ஊன்றிக்கொண்டு, "அக்கா, மஸ்கட்டு!" என்று கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவுவதுபோலக் கூவினான். பாலக்கோட்டில் எங்கள் தெருவில் மஸ்கட் தபால் வருகிற வீடு எங்களுடையது மட்டும்தான். அதுவும் வந்து வருசக்கணக்காகிவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவன் காட்டிய இடத்தில் எஸ். ராஜமேரி என்று கையெழுத்துப் போட்டேன். உறை விறைப்பாக இருந்தது. கோபமாக எழுதுகிறவர் நீலக் காகிதத்தில் கிறுக்கி, மடித்து ஒட்டிப் போட்டிருப்பார். சீல் வைத்த காகிதம்தான் இப்படிக் கசங்காமல் வரும். நான் எதிர்பார்த்துக் காத்திருந்ததோ ஒரு திட்டுக் கடிதாசியை.

என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சின்னவள் இசபெல்லா கைக்குழந்தையாக இருந்தபோது மஸ்கட்டுக்கு டேங்கர் ஓட்டப் போனார். முதலில் கடிதாசி மாசாமாசம் வந்தது, பிறகு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், பிறகு அதுவும் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று லீவில் வந்த பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டு, காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். அப்போது மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சலித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதன்பிறகு அண்ணன் சவரிநாதன் வந்து, பாத்திரம் பண்டத்தோடு என்னையும் பிள்ளைகள் இரண்டையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை. அவருக்கும் அண்ணி மதலேனம்மாளுக்கும் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்ப் பார்த்தார்கள், பெங்களூர் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தார்கள். பெரியவன் பிலவேந்திரனுக்கு டைபாய்டு வந்தபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியது அண்ணன்தான். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் ரோசப்பட்டு வெளியேறியிருப்பேன். நல்லவர் வீட்டில் ரோசத்துக்கு இடமே இல்லை, தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கவேண்டியதுதான்.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எல்லாரும் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தபோது அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேரி, பெரியவன் பத்தாவது போகப்போறான். எஸ்.எஸ்.எல்.சி. புக்குல ஏறிட்டா அப்பறம் மாத்தறது ரொம்பக் கஷ்டம்ங்கறாங்க. புள்ளைங்களுக்கு அப்பா பேருன்னு என் பேரப் போட்டுடலாமா? எனக்கப்பறம் நெலம் நீச்செல்லாம் இழுபறி இல்லாம அதுங்களுக்குப் போயிடும்."

அண்ணி என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.

முடியாது என்று சொல்லத் தோன்றியது. அந்தக் கறியை வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அதனால் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அவரு சம்மதிச்சா எனக்கும் சம்மதம்ண்ணா" என்றேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கடலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்ட நிம்மதியோடு அந்தக் கறியை மென்றேன்.

அவரை எனக்குத் தெரியாதா? தன் பேர்மேல் அவ்வளவு பித்து பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. சொந்த லாரிகூட இல்லை, ஓட்டுகிற லாரியின் கதவில் எஸ் என்று பெயிண்ட் அடித்து வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். எனக்குச் சீர் வந்த எவர்சில்வர் பாத்திரம் முழுக்க, கரண்டி கூட மிச்சமில்லாமல், பேர் வெட்டுகிறவனை உட்காரவைத்து எஸ் வெட்டினார். வேடிக்கை என்னவென்றால், அண்ணன் வீட்டுப் பாத்திரங்களிலும் எஸ்தான். சவரிநாதன் எஸ். நான் வந்து சேர்ந்த ஒரு வாரத்தில் இரண்டு வீட்டுப் பாத்திரமும் கலந்துவிட்டது. அண்ணி ஒரு குண்டானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது உன்னுதா என்னுதா மேரி?" என்று கேட்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

பேர் பித்து பிடித்த மனிதர் பிள்ளைகள்மேல் இருக்கிற பேரை விட்டுக்கொடுப்பாரா? அந்த நம்பிக்கையில்தான் அவருக்கு எழுதினேன். அண்ணன் பணிவாக எழுதச் சொல்லியிருந்தார். நான் வேண்டுமென்றே சுருக்கென்று தைக்கிற மாதிரி எழுதினேன். உங்கள் பேரை எடுத்துவிட்டு எங்கள் அண்ணன் பேரை வைக்கப் போகிறோம், இந்தியத் தூதரகத்துக்குப் போய் சீல் வைத்துச் சம்மதம் அனுப்பவும், ஆண்பிள்ளையாக இருந்தால் பதில் எழுதவும். இதைப் படித்தால் கொதித்துப்போய் நாலு வார்த்தை திட்டி எழுதுவார், ஒருவேளை அடுத்த விமானத்திலேயே ஏறி வந்துகூட நிற்பார் என்று எண்ணினேன். வந்து நின்றால் என்ன செய்வது என்றுகூட யோசித்து, அவருக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பை வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உறைக்குள் ஒரே ஒரு தாள் இருந்தது. மைனர் பிள்ளைகளான பிலவேந்திரன், இசபெல்லா இருவருக்கும் தகப்பன் பேரைச் சவரிநாதன் என்று மாற்றிக்கொள்ள, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, பூரண சம்மதம். கீழே எஸ். ஸ்தனிஸ்லாஸ், அந்த எஸ்ஸின் வால் வழக்கம்போல நீளமாகச் சுழித்து. பக்கத்தில் வட்டமாக சீல். உறையைத் தட்டிப் பார்த்தேன், வேறொன்றும் விழவில்லை. கல்யாணமான நாள்முதல் நான் சொன்னதை அந்த மனிதர் தட்டாமல் செய்தது இந்த ஒன்றுதான்.

தக்காளி குழம்பாகி இறங்குகிறவரைக்கும் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் தீர்த்தகிரியின் வாய் சும்மா இருக்குமா? அவன் அதற்குள் ஆலை கேட்டில் அண்ணனைப் பார்த்துச் சொல்லியிருந்தான். அண்ணன் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். தாளை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனுசன் பெரிய மனசு பண்ணிட்டான் மேரி" என்றார்.

பிலவேந்திரனிடம் நானே சொன்னேன். அவன் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை.

"இனிஷியல் மாறாதேம்மா. அதே எஸ்தானே?"

"தமிழ்ல எழுதும்போது?"

"தமிழ்லயும் ச தான். புள்ளி வெச்ச எழுத்து பேருக்கு மொதல்ல வரக்கூடாதுன்னு ஸ்-ஸ அடிச்சிட்டு அப்பவே ச போட்டுட்டாரே தமிழய்யா. சவரிநாதனுக்கும் ச தான். பசங்களுக்குக்கூடத் தெரியாது."

நிம்மதியாகச் சொன்னான். அவனுக்கு அது நிம்மதிதான், அப்பா எங்கே என்று கேட்கிற பையன்களுக்கு இனி ஒரு பதில் இருக்கும். எனக்குத்தான் என் கையெழுத்து ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா பேர் சூசை. கல்யாணத்துக்கு முன்னால் நான் எஸ். ராஜமேரி, கல்யாணத்துக்குப் பின்னாலும் எஸ். ராஜமேரி. ஒரு எஸ்ஸிலிருந்து இன்னொரு எஸ்ஸுக்குக் கைமாறியது என் கையெழுத்துக்கே தெரியாமல் போயிருந்தது. இப்போது பிள்ளைகளுக்கும் அதேபோல, ஒரு கீறல் விழாமல்.

பேர் மாற்றுகிற பத்திரம் எழுத தர்மபுரி கோர்ட்டுக்கு நாங்கள் மூன்று பேர்தான் போனோம். அண்ணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். கோர்ட்டுக்கு எதற்குப் பட்டு என்று கேட்க வாயெடுத்து, சரி, அவளுக்கும் ஒரு நல்ல நாள்தானே என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கோர்ட் வளாகத்தில் புங்கமரத்தடியில் பச்சியப்பன் என்கிற டைப்பிஸ்ட் உட்கார்ந்திருந்தார். பத்திரத்தாளை மெசினில் சொருகுவதற்கு முன் மஸ்கட் தாளை வாங்கி, சீலை விரலால் தடவிப் பார்த்தார்.

"தகப்பன் சம்மதம் இருக்குது. இது போதுங்க."

"தாயாரும் வந்திருக்குதுங்க" என்றார் அண்ணன். "அதோட சம்மதமும் சேத்துக்கலாங்களா?"

"மைனருக்குத் தகப்பன்தாங்க கார்டியன். தாயார் சம்மதம் தனியா வேண்டியதில்ல."

ஆறு வருசமாக முகம் காட்டாதவருடைய சம்மதத்துக்குக் கடல் தாண்டித் தபால் போய்வந்தது. எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னுடையது வேண்டியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைப்பிஸ்ட் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார். தகப்பனார் பேர் சவரிநாதன் என்று சொல்லிக்கொண்டே அடித்தார். அடுத்த வரிக்கு மெசினை இழுத்துத் தள்ளிவிட்டு, "தாயார் பேரு?" என்றார்.

"ராஜமேரி" என்றேன்.

அண்ணனைப் பார்த்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்ங்க?" என்றார்.

"கூடப் பொறந்த தங்கச்சிங்க."

டைப்பிஸ்ட் கையை மெசினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தகப்பன் சவரிநாதன், தாயார் ராஜமேரி. அண்ணனும் தங்கச்சியும். இத நான் எப்பிடிங்க அடிக்கறது? நாளைக்கி அந்தப் பையன் இந்தப் பேப்பர எங்கியாச்சும் நீட்டுனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. சத்தியமாக அவர் இதை யோசித்திருக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. ஒரு எழுத்து, அதுவும் மாறாத எழுத்து என்றுதான் நினைத்திருந்தேனே தவிர, அந்த எழுத்தை நகர்த்தினால் அடுத்த நாற்காலியில் இருக்கிற நானும் கீழே விழவேண்டும் என்பது புத்தியில் உறைக்கவேயில்லை.

"தகப்பன் மாறுனா தாயாரும் மாறித்தானுங்க ஆவணும். உங்க வூட்ல அம்மா பேரு என்னங்க?"

அண்ணிதான் சொன்னாள், பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியார் காதில் பேசுகிற குரலில். "மதலேனம்மாள்."

அவளைப் பார்த்தேன். முன்பே யோசித்திருந்தாளா? பட்டுச்சேலைக்கு இதுதான் காரணமா? அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, என் கையை விடவும் இல்லை. கள்ளியாக இருந்தால் கையை உதறியிருப்பேன். அது டைபாய்டு வந்த என் பிள்ளையோடு உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிய கை.

பிள்ளைகள் அவளை அத்தை என்று கூப்பிடுகிறார்கள். மாமன் மனைவி அத்தை. இனிமேல் தாளின்படி நான் அவர்களுக்கு அத்தை. அப்பாவோடு கூடப் பிறந்தவள் அத்தை. சொல்கூட அதேதான், எஸ்ஸைப் போல.

"பேப்பர்லதான் மேரி" என்றார் அண்ணன். "வூட்ல என்னிக்கும் நீதான் அம்மா."

பேப்பரில் மட்டும் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்படி ஒரு புருசனோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

"வேணாம்ண்ணா" என்றேன். வெளியே கேட்டதா என்று தெரியவில்லை. அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. அண்ணன் எழுந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். எடைமேடையில் நின்று நின்று காய்த்துப்போன அந்தக் காலை மடக்கிக் குந்துவதற்கே அவருக்குச் சிரமம்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. நீ வேணாம்னு வாய்விட்டு ஒரு வார்த்த சொல்லு. இந்தத் தாளக் கிழிச்சிப் போட்டுட்டு வூட்டுக்குப் போலாம். நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அதட்டியிருக்கலாம். சோறு போட்டதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். அவர் உண்மையாகவே கேட்டார், சொன்னால் உண்மையாகவே கிழித்தும் போடுவார். பிறகு நாங்கள் பாலக்கோடு பஸ் ஏறி, மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்குத்தான் போவோம். பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டு அண்ணி எனக்குச் சோறு போடுவாள். பிலவேந்திரன் கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்து, என்னாச்சும்மா என்பான். அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தை என் வாயில்தான் இருந்தது. அதை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

டைப்பிஸ்ட் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"அக்கா பேசல. மௌனம் சம்மதம்" என்று சொல்லிவிட்டு, தாயார் மதலேனம்மாள் என்று அடித்தார்.

கடைசி வரிக்கு வந்ததும் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றார். ஒரு சாட்சிக்குப் பக்கத்து மரத்தடியில் இருந்த காளியப்பன் என்கிற குமாஸ்தாவைக் கூப்பிட்டுக்கொண்டார். "இன்னொண்ணு அக்காவே போட்டுடலாம். தாயார்தான் போடக்கூடாது. அத்தை போடலாம், தப்பில்ல." என் இனிஷியலை மட்டும் கேட்டு ச. என்று அடித்து, ராஜமேரி என்று அடித்தார். பிறகு விரல் அந்தரத்தில் நின்றது.

"சாட்சிக்கு இன்னாரோட மகள், இன்னாரோட சம்சாரம்னு முழுசாப் போடணும்ங்க. ச-ன்னா யாருங்க?"

சூசை கல்லறையில் இருக்கிறார். ஸ்தனிஸ்லாஸ் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார். சவரிநாதன் என் பக்கத்தில் இன்னும் குந்திக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் ஒரே எழுத்து.

டைப்பிஸ்ட் மெசினின் உருளையைத் திருகித் தாளை என் பக்கமாகத் தூக்கிக் காட்டினார், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்பதுபோல. பழைய மெசின். ச-வுக்குப் பக்கத்தில் புள்ளி அடித்த வேகத்தில் தாளே ஓட்டையாகிவிட்டிருந்தது. புங்கமரத்து இலைகளுக்குள்ளிருந்து வந்த வெயில் அந்த ஓட்டை வழியாக ஊசிமுனை அளவுக்கு நுழைந்து, மடியில் கோத்துக் கிடந்த எங்கள் கைகளின்மேல் விழுந்திருந்தது. அது விழுந்திருந்தது என் விரலிலா அண்ணியின் விரலிலா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.