பேட்டரி வயரும் புகைச் சோதனையும்

மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி அவளுடைய பழைய கார் மாதத்துக்கு மூன்று நாள் மெக்கானிக் ஷெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். சென்சாரை மாற்றினால் சைலன்சரில் ஓட்டை, ஓட்டையை அடைத்தால் ப்ளக் காலி. ஒவ்வொரு தடவையும் எடுத்து வந்த ஒரு வாரத்துக்குள் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு மறுபடி எரியும். விளக்கு எரிந்தால் புகைச் சோதனையில் தேறாது. தேறாத வண்டியைத் தெருவில் எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு விடிகாலை ஐந்து மணி ஷிப்ட். அந்த நேரத்தில் பஸ் ஏது? தாமதத்துக்கு இரண்டு எச்சரிக்கை வாங்கியாயிற்று, மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

ஏற்கெனவே வேலை போய் எட்டு மாதமாக வீட்டில் இருக்கும் கணவனுக்கு அந்த விளக்கோடு தனிப் பகை. பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் விளக்கு அணையும் என்று எங்கோ கற்றுக்கொண்டிருந்தான். விளக்கு எரிகிற போதெல்லாம் அதைச் செய்வான். அவள் தடுத்ததில்லை. பாவம், அவளுக்காக அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

போன வாரம் மெக்கானிக் ஒருவழியாக நோயைக் கண்டுபிடித்தார். பெட்ரோல் டாங்கிலிருந்து போகும் சின்ன ரப்பர் குழாய் ஒன்றில் வெடிப்பு.

"இனிமே விளக்கு வராதும்மா. அஞ்சாறு நாள் ஓட்டிட்டு டெஸ்ட்டுக்குப் போங்க," என்றார். ஏன் ஓட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஓட்டினாள். விளக்கு வரவேயில்லை.

பழைய புகைச் சான்றிதழ் செல்லுபடியாகும் கடைசி நாள், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கணவனையும் ஏற்றிக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போனாள். சோதனைக்காரர் வண்டியில் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேட்டரிய கழட்டினீங்களா?"

"இல்லையே."

"யாரோ கழட்டியிருக்காங்க. வண்டிக் கம்ப்யூட்டர்ல பதிவானதெல்லாம் அழிஞ்சிருக்கு. நாலஞ்சு நாள் ஓட்டினாத்தான் திரும்பப் பதிவாகும். இன்னிக்கு பாஸ் போட முடியாது."

"நாளைக்கு ஓட்டலாமா?"

"பாஸ் இல்லாம ஓட்டக் கூடாதே."

"ஓட்டினாத்தான் பாஸ், பாஸ் ஆனாத்தான் ஓட்டலாம். அப்படித்தானே?"

"ரூல் அப்படிங்க," என்றார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அவள் வண்டியில் வந்து உட்கார்ந்தாள்.

"லைட் வரல பாத்தியா?" என்றான் கணவன். "நீ முகம் கழுவுறப்ப, எதுக்கும் இருக்கட்டும்னு ஒருதரம் கழட்டி மாட்டிட்டேன்."

எட்டு மாதத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்ததில்லை. கோபம் வந்தது. ஆனால் கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"பாஸ் ஆகலீங்க," என்றாள். "நீங்க கழட்டினதாலதான்." சோதனைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவன் கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒன்றரை மணி நேரம்."

"மூணு மணிக்கு எழுப்புறேன். இருட்டுல தனியா போக வேண்டாம், நானும் வரேன்."

அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு முதலில் தோன்றியது, மூன்று மணிக்கு எழ வேண்டுமே என்பதுதான்.