மீட்டரின் கடைசிப் பதிவு

“அதை மட்டும் தொடாதீங்கடா!” என்று அவள் போட்ட சத்தத்தில், ஸ்பீக்கரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கப்போன அண்ணன் மகன்கள் இருவரும் குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டார்கள்.

“மாமாவைக் கிடத்த இடம் வேணாமா அத்தை? ரெண்டும் பீரோ கணக்கா நிக்குது.”

“ரெண்டுக்கும் நடுவுல கிடத்துங்க. அது ஒரு விரக்கடை நகர்ந்தாலும் அவருக்கு ஆகாது.”

ஆள் இன்னும் இருப்பதுபோல ஆகாது என்று அவள் சொன்னதை யாரும் திருத்தவில்லை. காலையில், வாய் நனைக்கத் தண்ணீர் எடுக்க அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்திருந்தார். பல மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். டாக்டர் வைத்த கெடுவையும் தாண்டி இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அழவேண்டியதை அவள் காலையிலேயே அழுது தீர்த்திருந்தாள். இப்போது மனம் லேசாக இருந்தது. அப்படி இருப்பது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நாள் முழுக்கக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் ஒற்றை ஆளாக நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு, வீட்டுக்கு வந்ததும் யாரோடாவது மல்லுக்கு நின்றால்தான் சாப்பாடு இறங்கும். கல்யாணமான புதிதில் அவளிடம் முயன்று பார்த்தார். அவள் ஜன்னல் திரை தைக்கிறவள். வாயில் எந்நேரமும் குண்டூசி இருக்கும், பதில் வராது. பிறகுதான் இணையத்தில் அந்தக் குழு அகப்பட்டது. அன்றோடு வீட்டில் அவர் பரம சாதுவாகிவிட்டார்.

பாட்டுக் கேட்கிற பெட்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்களின் குழு அது. பாட்டைப் பற்றி அங்கே யாரும் பேசி அவள் பார்த்ததில்லை. நல்ல வயரை மாற்றி மாட்டினால் சத்தமே மாறும், அதற்குக் காதுதான் சாட்சி என்று ஒரு கட்சி. அளந்து பார்க்கிற மீட்டரில் தெரியாத வித்தியாசம் காதில் மட்டும் எங்கிருந்து வரும் என்று இன்னொரு கட்சி. புதிதாக வருகிறவன் சீக்கிரமே ஏதாவது ஒரு பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று வாயைக் கொடுத்தவன் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வான். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவர் ‘மீட்டர்’. ஒரு கட்சியே இவர் பெயரில்தான் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ‘பட்டுக்காது’. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் பல வருடமாக, பட்டுக்காது என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்காமல் இவர் பல் விளக்கியதில்லை.

கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்தாள். “அந்தக் காதைக் கழுவிட்டு வந்து கேக்கச் சொல்லு” என்பார். “இதையும் எழுதணுமாங்க?” என்பாள். “அதுதான்டி முக்கியம்!” என்பார். எழுதி முடித்ததும் முகத்தில் ஒரு தெம்பு வரும், இரண்டு வாய் கஞ்சி கூடுதலாக இறங்கும்.

போன வாரம் அவர் பெரும்பாலும் மயக்கத்திலேயே இருந்தார். குழுவிலோ, மீட்டர் ஏன் வாயைத் திறக்கவில்லை, பயந்துவிட்டாரா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கொக்கரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் அங்கே அப்படி அடிபடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவரைக் கேட்காமல், அவர் பெயரில், தானே தட்டிவிட்டாள்: ‘இன்னைக்கு மீட்டரைப் பாக்கல. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். நல்லா இருந்துச்சு.’

நல்லதுக்குத்தான் எழுதினாள். ஆனால் மீட்டரே மீட்டரைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேட்டாராமே என்று குழுவே தலைகீழானது. ஜெயித்துவிட்டோம் என்று காது கட்சி கூத்தாடியது. யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று இவர் கட்சிக்காரர்கள் முதலில் வரிந்துகட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள். பட்டுக்காது மட்டும் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தப் பதிவுக்குப் பின் அவர் கண் விழித்துப் பேசவே இல்லை.

மகள் காலையில் குழுவில் செய்தி போட்டிருந்தாள். மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். காது கட்சிக்காரர்கள் நேரே உள்ளே வந்து, உடம்பைச் சுற்றி நாற்காலி போட்டு உரிமையோடு உட்கார்ந்தார்கள். அவர் கட்சிக்காரர்களோ வாசல் கேட்டைத் தாண்டி வரவே இல்லை. அவர்களில் ‘ஸ்க்ரூ’ என்பவனை அவளுக்குப் பழக்கம் உண்டு. டயர் கடைக்காரன், அண்ணன் அண்ணன் என்று உயிரை விடுவான். அவள் தண்ணீர்ச் செம்போடு வாசலுக்குப் போனாள்.

“என்ன தம்பி, வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க.”

“இருக்கட்டும் அண்ணி.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். “எப்படி அண்ணி உள்ள வர்றது? அவருக்காக எத்தனை பேரை நான் பகைச்சுக்கிட்டிருக்கேன். கடைசில ஒரே வரில எங்களை அவங்க காலடில தள்ளிவிட்டுட்டுப் போயிட்டாரே.”

அவன் கண் கலங்கியிருந்தது. இவர்களை விட்டால் அவருக்குச் சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் கிடையாது. எழுதாத ஒன்றை அவர் தலையில் கட்டி, சொந்த மனிதர்களே வாசலோடு நிற்க, அவரை அனுப்பி வைப்பதா? நான்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவன் உள்ளே வந்துவிடுவான்.

அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் துணிப்பை, சட்டைப்பையில் மூச்சுக்கு இழுக்கிற மருந்து. ஒல்லியாக, வயதான ஒருவர் இறங்கினார். உள்ளே இருந்த காது கட்சிக்காரர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். “அண்ணன் வந்துட்டார்!”

இதுதான் பட்டுக்காதா? ஆறடி ஆளாக, பெரிய மீசையோடு அவரை அவள் நினைத்து வைத்திருந்தாள். மனிதரை ஊதினால் பறந்துவிடுவார் போலிருந்தது. உள்ளே போய், உடம்பின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த வீட்டில் அன்று அவள் மகளைத் தவிர வேறு யாரும் அப்படி அழவில்லை.

அவளுக்கு இருதலைக் கொள்ளியாகிவிட்டது. எதிராளி கடைசியில் தன்னை ஒப்புக்கொண்டான் என்ற நிறைவோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் கிழவர். அதைப் பிடுங்குவதற்கு மனம் வரவில்லை. ஆனால் ஜன்னல் வழியே ஸ்க்ரூவின் முதுகும் தெரிந்துகொண்டே இருந்தது. பொய்யான ஒரு நம்பரைக்கூட என்னை எழுத விடமாட்டாரே இந்த மனிதர் என்று நினைத்தாள். போய் ஸ்க்ரூவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

“எல்லாரும் இருக்கீங்க, சொல்லிடறேன். அந்தக் கடைசிப் பதிவை அவர் எழுதல. நான்தான் எழுதினேன். நான் எழுதினப்போ அவர் நினைவில்லாம படுத்திருந்தார். உங்க கட்சிச் சண்டை எனக்கு என்ன தெரியும்? என்னை மன்னிச்சிருங்க.”

ஸ்க்ரூ சட்டென்று கிடத்தியிருந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் கிழவரைத்தான் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்மா.”

“தெரியுமா?”

“இத்தனை வருஷத்துல அவர் ஒரு பதிவுகூட நம்பர் இல்லாம எழுதினதில்ல. என்னைத் திட்டாம முடிச்சதும் இல்ல. இதுல ரெண்டுமே இல்ல. படிச்ச உடனே ஆளுக்கு முடியலன்னு புரிஞ்சுபோச்சு. எங்க ஆளுங்க ஆடினாங்க, நான் வாயே திறக்கல. ஒரு தடவை நேர்ல பாத்துடணும்னு நேத்தே பஸ் ஏறிட்டேன். வழியில உங்க பொண்ணு போட்ட செய்தி வந்துச்சு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையில் அழுதது வேறு, இது வேறு. அவர் எழுதியதை இவ்வளவு கவனமாகப் படிக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார். இதைவிட ஒரு மனிதருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஆனா ஒண்ணு,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அதுல பொய் எதுவும் இல்ல. அன்னைக்குக் காலைல கொஞ்சம் நினைவு வந்தப்போ ஒரு பாட்டு கேட்டார். கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேட்டார். நல்லா இருந்துச்சுன்னு அவர் வாயாலதான் சொன்னார்.”

காது கட்சிக்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த வயர் மாட்டியிருந்தீங்கம்மா?”

“வயர் ஏது? பெரிய செட்டைப் போடவான்னு கேட்டேன், வேணாம்னுட்டார். என் போன்ல போட்டுத் தலகாணி ஓரமா வெச்சேன்.”

“போன்லயா!” இரண்டு கட்சிக்கும் ஒரே நேரத்தில் வாய் பிளந்தது. அவர் செத்த செய்திக்குக்கூட அவர்கள் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

“என்ன பாட்டும்மா?” என்றார் கிழவர்.

அவள் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டு, கணவரின் தலைமாட்டில் வைத்தாள். எல்லாத் தலைகளும் குனிந்தன. மின்விசிறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

“போனை ஒரு டம்ளர்ல நிக்க வெச்சா சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும்,” என்றார் கிழவர். “கண்ணாடி டம்ளரா இருக்கணும். சில்வர்னா கரகரன்னு வரும்.”

“அதெல்லாம் உங்க பிரமைங்க,” என்றான் ஸ்க்ரூ, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ரெண்டும் ஒண்ணுதான்.”

“கேட்டுப் பாத்துட்டுப் பேசு தம்பி.”

“அளந்து பாத்துட்டுப் பேசுங்க நீங்க!”

நாற்காலிகள் இழுபட்டன. ஆளுக்கு ஆள் குரல் உயர்ந்தது. “என்னம்மா இது, பொணத்தை வெச்சுக்கிட்டு?” என்று மகள் ஓடிவந்தாள்.

“விடுடி. அவருக்கு இதுதான் பிடிக்கும்.”

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, “எடுத்துடலாமாம்மா?” என்றார்.

“கொஞ்சம் இருங்கப்பா,” என்றாள். அடுப்படிக்குப் போய் அலமாரியில் இருந்து சில்வர் டம்ளர் ஒன்று, கண்ணாடி டம்ளர் ஒன்று எடுத்தாள். இரண்டையும் கழுவி, துண்டால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தித் துடைத்தாள். ஈரம் இருந்தால் அதற்கும் ஒரு சண்டை வரும்.