சொந்தம்: உண்டு / இல்லை

இந்தக் கதையில் ஒரு கூடை வருகிறது. கூடைக்குள்ளே ஒன்றுமில்லை கண்ணுகளா, எட்டிப் பார்க்காதீர்கள். சிக்கல் எல்லாம் அதன் வெளிப்புறத்தில்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம். வெளிநாட்டுச் சாமான்கள் கண்டிக் கடைகளில் வந்து குவிந்த காலம். அனீஸாவின் வீட்டுக்காரர் டவுனில் பிளாஸ்டிக் கடை வைத்திருந்தார். அங்கே கலர் கலராக வயர் கட்டுகள் தொங்கின. கந்தோர் கிளாக்கர் இராமகிருஷ்ணனின் மனைவியும் அனீஸாவின் சிநேகிதியுமான பாலாம்பிகை முதன்முதலாக அவற்றைப் பார்த்தபோது, நகைக்கடை வாசலில் நிற்பவள் போல நின்றுவிட்டாள். அன்று பிடித்தது வயர்க் கூடைப் பைத்தியம். சோறு வடிய வைத்துவிட்டுப் பின்னுவாள். வானொலியில் செய்தி வாசிக்க வாசிக்கப் பின்னுவாள். விற்பதற்கு அல்ல. பின்னாவிட்டால் கை குறுகுறுக்கும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு கூடை பின்னி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்த பிறகு, பதின்மூன்றாவதாக ஒன்று பின்னினாள். கரும்பச்சைக் கூடை. அதன் இடுப்பைச் சுற்றி மஞ்சள் மாங்காய்கள் வரிசையாக ஓடின. ஒவ்வொரு மாங்காயின் வாலும் வளைந்து போய் முன்னால் போகிற மாங்காயின் முதுகைத் தொட்டது. முடித்ததும் மேசைமேல் வைத்துவிட்டு, பாலாம்பிகை நாலு தடவை அடுப்படிக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்து பார்த்தாள்.

தேங்காய்த் துருவலகை கேட்டு வந்த பக்கத்து வீட்டு வடிவம்மா அதைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே!"

துருவலகையோடு அவள் போய்விட்டாள். அந்த வார்த்தை மட்டும் போகாமல் அங்கேயே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து பாலாம்பிகைக்கு நிம்மதி இல்லை. மாங்காயை நாம் எங்கே பார்த்தோம்? புடவைக் கரையிலா? கலண்டரிலா? யாருடையதையோ எடுத்துப் போட்டுவிட்டு நம்முடையது என்று நாலு தடவை நின்று பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"இந்த நெல்லிக்காய் முடிச்சு புசல்லாவை அக்கா சொல்லிக் குடுத்தது," என்றாள் புருஷனிடம். "கலரு அனீஸா எடுத்துக் குடுத்தது. மாங்காய் ஊரு உலகத்துல எல்லார்கிட்டயும் இருக்கு. அப்ப இதுல என்னோடது எதுங்க?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இராமகிருஷ்ணன் சொன்னார். "விரல் வலி ஒன்னோடதுதான். நேத்து முழுக்க தைலம் தேச்சது நானு."

இந்த நேரம் பார்த்து மாதர் கைப்பணி மன்றம் கண்காட்சி அறிவித்தது. வாவிக்கரைப் பக்கத்து மண்டபத்தில் மூன்று நாள். அனீஸா இரண்டு படிவம் வாங்கி வந்தாள். ஒன்றைத் தன் மேசைவிரிப்புக்கு நிரப்பினாள். மற்றதைப் பாலாம்பிகையின் மடியில் போட்டாள்.

படிவத்தில் பெயர், முகவரி, பொருள் எல்லாம் கேட்டிருந்தார்கள். நாலாவது கேள்விதான் பாலாம்பிகையின் தொண்டையில் முள்ளாக நின்றது. "சொந்தம்: உண்டு / இல்லை."

"உண்டுன்னு போட்டா பொய் சொன்ன மாதிரி. இல்லைன்னு போட்டா பின்ன எதுக்குப் போறது?" என்று படிவத்தை அலுமாரிக்கு மேல் வைத்தாள். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது.

படிவம் கொடுக்கிற கடைசி நாள் காலையில் இராமகிருஷ்ணன் அதைக் கண்டார். மனைவிக்கு ஓர் ஒத்தாசை செய்வோம் என்று நினைத்தார். கந்தோரில் இருபது வருஷம் படிவம் நிரப்பிய கை. மூன்று நிமிஷத்தில் நிரப்பி, பாலாம்பிகையின் கையெழுத்தையும் அவரே போட்டு, வேலைக்குப் போகிற வழியில் கூடையோடு கொடுத்துவிட்டார். பின்னேரம் வந்து பெருமையாகச் சொன்னார்.

பாலாம்பிகை பின்னலைக் கீழே வைத்தாள். "நாலாவது கேள்விக்கு என்னா போட்டீங்க?"

"இல்லைன்னு போட்டேன். அந்த மன்றத்துல நமக்கு யாரு சொந்தக்காரங்க இருக்கா? உள்ளுக்கு ஆளு இருந்தா பரிசு குடுக்க மாட்டாங்க. அதுக்குத்தான் கேக்குறாங்க."

பாலாம்பிகை அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அவள் சொல்லப் பயந்த சொல்லை அவளுடைய கையெழுத்தோடு அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். விசித்திரம் என்னவென்றால், இதுவரை தன் கூடையைத் தானே சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தவளுக்கு இப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'இல்லை'யாமே! யாரைக் கேட்டு?

மறுநாள் காலை அனீஸாவையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். பதிவு மேசையில் பொன்னுத்துரை மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

"ஓம், மாங்காய்க் கூடை. நகல் பிரிவிலை போட்டிருக்கிறம். சொந்தம் இல்லை எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள்."

"அது எங்க வீட்டுக்காரரு தப்பா வெளங்கிட்டு எழுதினதுங்க."

"அப்ப சொந்தமோ? மாத்தி எழுதுங்கோ. இந்தாங்கோ பேனை."

பேனை நீண்டது. பாலாம்பிகையின் கை நீளவில்லை.

"முடிச்சு புசல்லாவை அக்கா சொல்லிக் குடுத்தது. மாங்காயும் எங்கேயோ பாத்துப் போட்ட மாதிரி இருக்குங்க..."

"அல்லாவே!" என்றாள் அனீஸா. "பேனையப் புடிங்க பாலா, பாம்பா அது?"

மாஸ்டர் படிவத்தைத் தட்டினார். "ஒண்டு சொல்லுறன். நகல் பிரிவு எண்டால் எதைப் பாத்துச் செய்தனீங்களோ அந்த மூலத்தையும் பக்கத்திலை வைக்க வேணும். அதுதான் விதி. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ளை கொண்டு வாங்கோ. இல்லாட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு போகலாம்."

அன்றைக்குக் கண்டி டவுனில் ஒரு மாங்காய் வேட்டை நடந்தது பாருங்கள்! பாலாம்பிகை தன் கூறைப் புடவையை எடுத்தாள். போன வருஷத்துக் கலண்டரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். அனீஸா அக்குறணைக்கு பஸ் ஏறி, உம்மா வீட்டில் பொத்தான் போட்டு வைத்திருந்த பிஸ்கட் தகரத்தைக் கொண்டு வந்தாள். "எங்கேயோ பாத்தேன்னு சொன்னீங்களே, எங்கே?" என்று வடிவம்மாவிடம் கேட்டதற்கு, அவள் யோசித்து யோசித்துத் தன் தலையணை உறையைக் கழற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு எல்லாம் மாஸ்டரின் மேசையில் பரந்தன. கண்காட்சிக்குப் பொருள் அடுக்க வந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வேலையை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மாஸ்டர் கூடையைப் புடவைக் கரைக்குப் பக்கத்தில் வைத்தார். "இதைப் பாத்தோ போட்டனீங்கள்?"

"இருக்கும்ங்க."

"இதிலை மாங்காய் தனித்தனியா நிக்குது."

"ஆமாங்க, இதுல ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம சண்டக்காரங்க மாதிரி நிக்குது. என்னோடதுல கையப் புடிச்சிக்கிட்டுப் போவுதே!"

"அப்ப இது இல்லை. கலண்டரோ?"

"அதுல வால் வெளியில வளைஞ்சிருக்கு. பாருங்க, வழுக்கி விழுறாப்புல. என்னோடது உள்ளுக்குத் திரும்பும்."

"தலையணை உறை?"

பாலாம்பிகை அதைக் கண்ணால் கூடத் தீண்டவில்லை. "இது மாங்காயே இல்லைங்க. முந்திரிக் கொட்டை."

"இந்தத் தகரம்?"

"ஐயையோ, இதுல உள்ளுக்கு பூ வேற திணிச்சிருக்கான். நான் எங்க பூ போட்டேன்? மாங்காய்க்குள்ள எதுக்கு பூ?"

அனீஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாலா, நகல்னு காட்டத்தானே நான் அக்குறணைக்குப் போய் வந்தேன்? இப்ப நீங்க செல்றத கேட்டா பிஸ்கட் கொம்பனிக்காரன் அழுவான்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. கூடையை மெதுவாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த ஒரு மாங்காய் மட்டும் ஏன் மெலிஞ்சு கிடக்கு?"

பாலாம்பிகையின் முகம் சிவந்தது. யாரும் பார்க்கக் கூடாதென்று சுவர்ப் பக்கமாகவே அவள் திருப்பி வைத்திருந்த மாங்காய் அது.

"எடம் போதலைங்க. பதினொண்ணு போட்டு வந்து பாத்தா ஒம்போது முடிச்சுத்தான் மிச்சம். பிரிச்சா பதினொண்ணையும் பிரிக்கணும். அதனால வயித்த உள்ளுக்கு இழுத்து, பசியில கெடக்குற மாங்காயாப் போட்டு ஒப்பேத்திட்டேன்."

"இந்தப் பசி மாங்காய் உங்கடை புடவையிலை எங்கை?"

"புடவையில இல்லைங்க."

"தகரத்திலை?"

"எதுலயும் இல்லைங்க. அது தப்புங்க."

"ஆரிட்டை எடுத்த தப்பு? புசல்லாவை அக்காவிட்டையோ? தலையணைக்காரியிட்டையோ?"

"யாருகிட்டயும் எடுக்கல!" பாலாம்பிகையின் குரல் மண்டபத்தின் மறுகோடி வரை போனது. "அது என் சொந்தத் தப்புங்க! நானே எண்ணி, நானே பெசகி, நானே சமாளிச்சது!"

மாஸ்டர் பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

இந்த முறை பாலாம்பிகை அதை வாங்கினாள். புருஷன் எழுதிய 'இல்லை'யை ஒரே கோடாக வெட்டினாள். 'உண்டு' என்று எழுதினாள். எழுத்து சின்னதாக இருப்பது போல் பட்டது. அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.

"பொருளுக்குப் பேர் ஏதும் வைக்கிறியளோ?"

"பசிச்ச மாங்காய்," என்றாள், யோசிக்காமல்.

மாஸ்டர் கூடையைச் சொந்த ஆக்கப் பிரிவு மேசைக்குக் கொண்டுபோய், மெலிந்த மாங்காய் எல்லோருக்கும் தெரியும்படி முன்பக்கமாக வைத்தார். வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி, கம்பளையிலிருந்து வந்தவள், குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். அவளுடைய உதடுகள் மெல்ல அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... முடிச்சு எண்ணுகிறாள்!

பாலாம்பிகை அவளைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். "வாங்க, எந்த ஊரு நீங்க?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டி, கூடையைச் சத்தமில்லாமல் அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள்.