வேனல்கட்டித் தாடி

மாடி போர்ஷன் வைத்தீஸ்வரனுக்குத் தாடி வளர ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எரிந்தது. மனைவி மாசமாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் வீட்டில் விசேஷம் என்று ரமா வாயைத் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷனின் தாடையே முடிச்சூர் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்களுக்கு ஆறு.

அது போதாதென்று, அதே சமயம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் சவரத்தில் ருசி கண்டார்.

அதுவரை அவர் ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போகிறவர். நடுவாரத்தில் முகம் முள்ளு முள்ளாக இருந்தாலும் கவலைப்படமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது பல்லாவரத்தில் இறங்கி, சந்தையில் பழைய ரேசர் ஒன்றும் பீங்கான் கிண்ணம் ஒன்றும் வாங்கிவந்தார். பித்தளை ரேசர், நல்ல கனம். எவன் மூஞ்சியைச் சுரண்டினதோ என்று திட்டிக்கொண்டே நான்தான் அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். பிரஷ்ஷும் சோப்பு வில்லையும் தாம்பரம் மார்க்கெட்டில் புதிதாக வாங்கிக்கொண்டார்.

பிறகு தினமும் அந்தப் பூஜைதான். சொம்பு நிறைய வெந்நீர் வேண்டும். அதில் பிரஷ்ஷை ஊறப்போட்டுவிட்டு, சுடச்சுட ஈரத்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். கிண்ணத்தில் சோப்பைப் போட்டு பிரஷ்ஷைச் சுற்றுவார், சுற்றுவார், நுரை இட்லி மாவு மாதிரி பொங்கிவரும்வரை சுற்றுவார். காது வரைக்கும் அப்பிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அப்புறம் சரக், சரக்கென்று மேலிருந்து கீழே ஒரு தடவை. மறுபடி நுரை. கீழிருந்து மேலே இன்னொரு தடவை. எல்லாம் முடிந்ததும் படிகாரக் கல்லைத் தேய்த்து, புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "காந்தி, தொட்டுப் பாரேன். வெண்ணெய் மாதிரி இருக்கு" என்பார்.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று நான் உள்ளே போய்விடுவேன்.

ஆறு வருஷத்தில் என் முகத்தை அந்த மனிதர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒரு பிரஷ்ஷின் மேல் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மழமழவென்று அவர் வாசலில் இறங்கிப் போகும்போதெல்லாம், எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்று தெருவுக்கே தண்டோரா போட்டது போல எனக்கு இருக்கும். இவர்பாட்டுக்கு ஏதோ பாட்டை முனகிக்கொண்டே மழித்துத் தள்ளுகிறார். பிள்ளை இல்லையே என்கிற கவலை இவருக்கு ஒரு துளியாவது உண்டா?

"சாரு மூஞ்சி இன்னாமா பளபளன்னு கீது" என்று பூக்காரி கன்னியம்மா ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு மாடியைப் பார்த்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு வாங்கின மல்லியை நான் தலையில் வைக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் தாடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வேனல்கட்டி கிளம்பியது. அது உடைந்து ஆறும்வரை பிளேடே வைக்கக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று. காலையில் எழுந்ததும் கிண்ணத்தையும் ரேசரையும் எடுத்துத் துடைப்பார், திரும்ப அலமாரியில் வைப்பார். தாடி வளர்ந்து கட்டியை மூடிக்கொண்டது.

"இன்னாம்மா, எங்கிட்டகூட சொல்லல பாத்தியா" என்றாள் கன்னியம்மா. "சாரு தாடி வுட்டுகினு கீறாரே. எத்தினி மாசம்?"

கட்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். "காசு வோணாம், வச்சிக்க" என்று இன்னொரு முழம் கிள்ளிப் போட்டாள். அந்தப் பூவை வைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் என் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தார்கள். ரமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தாள், கையில் மாங்காய் ஊறுகாயோடு. "அக்கா, எனக்குக்கூட சொல்லலையே நீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவளைப் பார்த்து இத்தனை நாள் வயிறு எரிந்தேனோ அவள் கை. நான் உருவிக்கொள்ளவில்லை. ஊறுகாயைச் சாப்பிட்டுப் பார்த்தேன். பாவி, அதைக்கூட நன்றாகப் போட்டிருந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. "வர்ற வெள்ளிக்கிழமை என் வளைகாப்பு. நீங்க மணையில என் பக்கத்துல உக்காரணும். எங்கம்மா கையால உங்களுக்கும் வளையல் போடச் சொல்றேன்" என்றாள்.

அவள் அம்மா சும்மாவா போடுவாள்? எத்தனை மாசம், எந்த டாக்டர் என்று கேட்பாள். நிறைந்த சபையில், வெறும் வயிற்றோடு ரமாவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன சொல்ல? வெள்ளிக்கிழமைக்குள் தாடி போயாக வேண்டும். கட்டிக்காக விட்ட தாடி, நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய என்று சிரித்து மழுப்பிவிடலாம். மானம் போனாலும் பாதிதான் போகும்.

வியாழக்கிழமை காலையில் அவர் கேட்காமலே வெந்நீர் வைத்தேன். கட்டி எப்போதோ ஆறிவிட்டது, எண்ணெய் தேய்த்துவிடும்போது பார்த்திருந்தேன். பிரஷ்ஷை ஊறப்போட்டு நானே கிண்ணத்தில் சுற்றினேன். சோப்பு வாசனை வந்தது. நுரை வெதுவெதுவென்று விரல்மேல் ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

"ஏங்க, எல்லாம் ரெடியா இருக்கு. வாங்க."

வந்தார். தாடையைச் சொறிந்துகொண்டு வாசற்படியிலேயே நின்றார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார்.

"கட்டிதான் ஆறிடுச்சே. அரிக்கலையா உங்களுக்கு?"

"அரிக்குதுதான்."

"அப்புறம் என்ன? தினமும் கிண்ணத்தைத் தொடச்சுத் தொடச்சு வச்சீங்களே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நுரையைப் பார்த்துக்கொண்டே, "ட்ரெயின்ல கூட வர்ற சவுரிமுத்து தாடியப் பாத்துட்டுக் கேட்டான். அப்புறம் ஆபீஸ்லயும் எல்லாரும் கேட்டாங்க" என்றார்.

என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்கா தெரியாது? கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நான் ஆமான்னுட்டேன், காந்தி. ஸ்வீட்கூட வாங்கிக் குடுத்துட்டேன்."

இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அந்த ஏக்கம் என்று இத்தனை வருஷமும் அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

"நானும்தாங்க" என்றேன். "பூக்காரிகிட்ட. ரமாகிட்ட. எல்லார்கிட்டயும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பிரஷ்ஷை எடுத்து, தாடி மறையும்வரை நுரையை அப்பினேன். ரேசர் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்கத்தான் இரண்டு பேருக்கும் கை வரவில்லை.